இருப்பில் இல்லாத ஐயாயிரம் கோடி: சத்யம் கணக்கு மோசடி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2009 ஜனவரி 7ஆம் தேதி காலை, ஹைதராபாதைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் தலைவர் பி. ராமலிங்க ராஜு தம் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதி, அதைப் பங்குச்சந்தைகளுக்கும், அவற்றை ஒழுங்குபடுத்தும் இந்திய அமைப்பான செபிக்கும் அனுப்பிவைத்தார். நிறுவனத்தின் 2008 செப்டம்பர் 30ஆம் தேதிய ஐந்தொகையில் (சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கு அறிக்கையில்) ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டப்பட்ட 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்பது அக்கடிதத்தின் முதல் செய்தி. வரவேண்டிய வட்டி என்று எழுதப்பட்ட 376 கோடி ரூபாயும் இல்லை. 1,230 கோடி ரூபாய்க் கடன் கணக்கில் ஏறவே இல்லை. வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய தொகை 490 கோடி ரூபாய் மிகையாகக் காட்டப்பட்டிருந்தது. அந்த ஒரு காலாண்டில் மட்டும் 2,700 கோடி ரூபாய் வருவாயும் 649 கோடி ரூபாய்ச் செயல்பாட்டு லாபமும் அறிவிக்கப்பட்டிருக்க, உண்மையான வருவாய் 2,112 கோடி, உண்மையான லாபம் 61 கோடி. அன்று காலையில் 180 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இருந்த பங்கின் விலை மாலையில் 40 ரூபாயில் வந்து நின்றது.

பேராசையும் பொய்யும் சமூகத்தின் ஒழுக்கத்தை எப்படி அரிக்கின்றன என்று பொதுப்படப் பேசுவது எளிது. அப்பேச்சு எவரையும் உறுத்தாமல் முடிந்துவிடும் என்பதும் தெரிந்ததே. சத்யம் விவகாரத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், இதில் பொய் எந்தெந்த மேசைகளைக் கடந்து சென்றது, எந்த மேசையில் யார் பார்க்காமல் விட்டார்கள் என்பது சிபிஐயின் குற்றப்பத்திரிகையிலும் செபியின் உத்தரவுகளிலும் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காணையத்தின் நடவடிக்கைகளிலும் வரிசையாகப் பதிவாகியிருப்பதுதான். ஒரு மனிதரின் பேராசை இந்தக் கதையின் தொடக்கம் மட்டுமே. அந்தப் பேராசை ஆறேழு ஆண்டுகள் பிடிபடாமல் வளர, சான்று சொல்வதையே தொழிலாகக் கொண்ட பலர் தத்தம் இடத்தில் சற்றுக் கண்ணயர வேண்டியிருந்தது.

நிஜமான நிறுவனமும் நிழல் கணக்கும்

சத்யம் 1987இல் தொடங்கப்பட்டது. ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரிப் பகுதியிலிருந்து வந்த, அமெரிக்காவில் மேலாண்மை படித்துத் திரும்பிய ராஜுவும் அவருடைய தம்பி ராம ராஜுவும் அதை வளர்த்தார்கள். 2001இல் நியூயார்க் பங்குச்சந்தையில் இடம்பெற்ற அந்நிறுவனம், 2008இல் ஏறத்தாழ 53,000 ஊழியர்களோடு, டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெரிய இந்திய மென்பொருள் நிறுவனமாகச் சொல்லப்பட்டது. இணையம் புதிதாக வந்த காலத்தில் சென்னையில் அதைப் பார்க்கப் போனவர்களுக்கு நினைவிருக்கும் சிஃபி நிறுவனமும் அதன் 'ஐவே' மையங்களும் முதலில் சத்யத்தின் கிளையாகப் பிறந்தவையே. பின்னர் அவை வேறு கைக்கு மாறின.

இது சீட்டுக் கம்பெனி மோசடி போன்றதன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சத்யத்துக்கு உண்மையான வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், உண்மையான பொறியாளர்கள் இரவுபகலாக உண்மையான வேலையைச் செய்தார்கள், அதற்குரிய பணமும் உண்மையாகவே வந்தது. வந்த பணம் சொல்லப்பட்ட அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். நேர்மையான உழைப்பின் மீது ஒரு பொய்க்கணக்கைப் போர்த்தும்போது, அந்த உழைப்பே பொய்க்கு ஜாமீன் நிற்கிறது. கம்பெனி அலுவலகம் இருக்கிறது, ஊழியர்களுக்கு மாதச் சம்பளம் வருகிறது, அயல்நாட்டிலிருந்து வாடிக்கையாளர் வந்துபோகிறார் என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்?

பொய்க்கணக்கின் அளவும் கவனிக்கத்தக்கது. சத்யம் அறிவித்த லாபவிகிதம் 24 விழுக்காடு; உண்மையானது 3 விழுக்காடு. அந்த 24 என்ற எண் அதே துறையின் பெரிய நிறுவனங்கள் அறிவித்துவந்த விகிதங்களின் அருகில் அடக்கமாக அமர்ந்திருந்தது. துறையிலேயே முதலிடம் என்று காட்டியிருந்தால் ஆராய்ச்சியாளர்கள் துருவியிருப்பார்கள். நாலு பேரோடு நாலாவது பேராக நிற்கும் பொய்யை யாரும் தனியே எடுத்துப் பார்ப்பதில்லை. கணக்கு எழுதியவர்களுக்கு இந்த உலகியல் அறிவு நிறையவே இருந்தது.

உள்ளே நடந்த வேலை இப்படிப்பட்டது. நிறுவனத்தில் ஒவ்வொரு பணிக்கும் வாடிக்கையாளரிடம் பணம் கேட்கும் விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) தயாரிக்க ஒரு கணினி முறை இருந்தது. அதில் சிறப்பு அனுமதி பெற்ற ஒரு கடவுச்சொல்லைப் பயன்படுத்தி, செய்யாத வேலைக்கு விலைப்பட்டியல்கள் உருவாக்கப்பட்டன. அவற்றுக்கு இடப்பட்ட ஒரு குறியீட்டின் காரணமாக, வேலையைச் செய்ததாகச் சொல்லப்படும் பிரிவின் மேலாளர் கண்ணுக்கு அவை தெரியாது. நிதித்துறையின் கணக்கில் மட்டும் வருவாயாகச் சேரும். 2003 ஏப்ரல் முதல் 2008 டிசம்பர் வரை இப்படி 7,561 பொய் விலைப்பட்டியல்கள் உருவானதாகவும், அவற்றின் மதிப்பு 4,700 கோடி ரூபாய்க்கு மேல் என்றும் புலனாய்வு கண்டது. விலைப்பட்டியல் இருந்தால் பணம் வந்தாக வேண்டும். ஆகவே, பணம் வந்ததாகக் காட்ட வங்கிக் கணக்கு அறிக்கைகள் போலியாகத் தயாராயின. வந்த பணம் சும்மா கிடக்க முடியாது. ஆகவே, அது வைப்புநிதியில் போடப்பட்டதாகக் காட்ட வைப்புநிதி ரசீதுகள் போலியாகத் தயாராயின. வைப்புநிதிக்கு வட்டி வர வேண்டும், வட்டியும் எழுதப்பட்டது. வட்டி வந்தால் வருமான வரி கட்ட வேண்டும். இல்லாத வருமானத்துக்கு அசல் பணத்தில் வரியும் கட்டப்பட்டது.

ராஜுவின் கடிதப்படி, தொடக்கத்தில் உண்மைக்கும் கணக்குக்கும் இடையே இருந்தது மிகச் சிறிய இடைவெளி. அடுத்த காலாண்டில் வளர்ச்சி காட்ட வேண்டுமானால், முந்தைய காலாண்டின் பொய்யோடு ஒப்பிட்டுத்தானே காட்ட வேண்டும்? ஆக, ஒவ்வொரு பொய்யும் அடுத்த பொய்க்கு அடிமட்டமாயிற்று. எப்படி இறங்குவது என்று தெரியாமல் புலிமேல் சவாரி செய்வது போல இருந்தது என்று அவர் எழுதிய வரி உலகம் முழுக்க மேற்கோளாயிற்று. எனக்கு அந்த வரியில் ஒரு மனக்குறை உண்டு: அதைப் படிப்பவருக்குப் புலி தானாக வந்து அவரை ஏற்றிக்கொண்டது போலத் தோன்றும். விசாரணை ஆவணங்களோ, காலாண்டுக்குக் காலாண்டு யாரோ உட்கார்ந்து தட்டச்சு செய்து, அச்சிட்டு, கோப்பில் சேர்த்த காகிதங்களைத்தான் காட்டுகின்றன.

ஆசை எதன்மேல்

தாமோ நிர்வாக இயக்குநரான தம் தம்பியோ நிறுவனத்திலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை என்பது ராஜு அக்கடிதத்தில் முன்வைத்த வாதம். புலனாய்வு அமைப்புகள் அதை ஏற்கவில்லை. ராஜு குடும்பத்தின் பங்கு 2001இல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காக இருந்து, 2008இல் ஒன்பது விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. பொய்க்கணக்கால் உயர்ந்த விலையில் பங்குகள் விற்கப்பட்டன, எஞ்சியவை அடகுவைக்கப்பட்டன. குடும்பத்தினரின் கட்டுப்பாட்டில் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட சிறு நிறுவனங்களின் பேரில் ஹைதராபாதைச் சுற்றியும் அதற்கு அப்பாலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் வாங்கப்பட்டிருந்தது. 2014 ஜூலையில் செபி பிறப்பித்த உத்தரவு, ராஜு உள்ளிட்ட ஐவரைப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பங்குச்சந்தையிலிருந்து விலக்கி, முறைகேடாகப் பெற்ற ஆதாயமாக 1,849 கோடி ரூபாயை வட்டியோடு திருப்பிக் கட்டச் சொன்னது. பின்னர் மேல்முறையீட்டில் தொகையும் காலமும் மறுபரிசீலனைக்கு உள்ளாயின.

நிலத்தின் மேல் இருந்த அந்த ஆசைதான் கடைசியில் கணக்கைக் காட்டிக்கொடுத்தது. 2008 டிசம்பர் 16ஆம் தேதி, ராஜுவின் மகன்கள் நடத்திய மேட்டாஸ் பிராப்பர்ட்டீஸ், மேட்டாஸ் இன்ஃப்ரா என்ற இரு நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க சத்யத்தின் இயக்குநர் குழு ஒப்புதல் தந்தது. அன்றே நியூயார்க்கில் சத்யத்தின் பங்கு பாதிக்கு மேல் சரிந்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்ததால் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அந்த முடிவு கைவிடப்பட்டது. இல்லாத சொத்தின் இடத்தில் இருக்கும் சொத்தை வைத்து நிரப்பும் கடைசி முயற்சி அது என்று கடிதத்தில் ராஜு ஒப்புக்கொண்டார். அதாவது, கணக்கில் மட்டுமே இருந்த பணத்தைக் கொடுத்து மகன்களின் நிலத்தை வாங்கினால், பணம் போனதாகவும் நிலம் வந்ததாகவும் எழுதிக்கொள்ளலாம்; பொய் அத்தோடு அழிந்துவிடும். முதலீட்டாளர்கள் அன்று கோபித்துக்கொண்டது மென்பொருள் நிறுவனத்தின் பணம் குடும்ப நிலத்துக்குப் போகிறதே என்றுதான். அந்தப் பணமே இல்லை என்பதை அவர்களில் யாரும் அறிந்திருக்கவில்லை.

இதே மனிதர்தான் 108 அவசர ஊர்தி சேவையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர். அவர் நிறுவிய இஎம்ஆர்ஐ அமைப்பு 2005 ஆகஸ்டில் ஹைதராபாதில் அதைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில், அதாவது கணக்கில் 5,040 கோடி ரூபாய்ப் பொய் நின்ற அதே மாதத்தில், 108 ஓடத் தொடங்கியது. மோசடி வெளிவந்த பிறகு ஜிவிகே குழுமம் அந்த அமைப்பை ஏற்று நடத்தியது. நெடுஞ்சாலை விபத்திலும் பிரசவ வலியிலும் அந்த வண்டி காப்பாற்றிய உயிர்கள் கணக்கற்றவை. அதனால் ராஜுவின் குற்றம் குறையவில்லை. ஆனால் பேராசைக்காரன் என்றால் கல்நெஞ்சன், கருமி என்று நாம் வைத்திருக்கும் உருவம் இங்கே பொருந்தவில்லை. நன்மை செய்தவர் என்ற பெயர் அவரைச் சுற்றி ஒரு மதிலாக நின்றது. அப்படிப்பட்டவரிடம் போய் வங்கி ரசீதைக் காட்டுங்கள் என்று கேட்பது அநாகரிகமாகத் தோன்றியிருக்கும்.

கையெழுத்துப் போட்டவர்கள்

இந்த நிகழ்வில் அதிக நேரம் நின்று பார்க்க வேண்டிய இடம் தணிக்கை. 2000ஆம் ஆண்டிலிருந்து சத்யத்தின் கணக்கைத் தணிக்கை செய்தது பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற தணிக்கைக் குழுமம். ஒரு நிறுவனத்தின் வங்கி இருப்பைச் சரிபார்ப்பது தணிக்கையின் பால பாடம்: வங்கிக்குத் தணிக்கையாளரே கடிதம் எழுதி, பதிலைத் தம் கையிலேயே நேரடியாகப் பெற வேண்டும். சத்யத்தில் அந்தக் கடிதங்களை அனுப்புவதும் பதில்களைப் பெறுவதும் நிறுவனத்தின் நிர்வாகத்திடமே விடப்பட்டன என்பது அமெரிக்க ஒழுங்காணையத்தின் முடிவு. யாருடைய இருப்பைச் சோதிக்கிறோமோ அவரிடமே சோதனையின் விடையை வாங்கிக்கொண்டார்கள். அதைவிட மோசமானது, சில வங்கிக் கிளைகள் நேரடியாக அனுப்பிய பதில்களில் இருந்த தொகைக்கும் நிர்வாகம் தந்த தாள்களில் இருந்த தொகைக்கும் பெருத்த வேறுபாடு இருந்தும் அது துருவப்படவில்லை என்று இந்தியப் புலனாய்வு சொன்னது.

தணிக்கையாளர்கள் சதியில் பங்குகொண்டார்களா, அசட்டையாக இருந்தார்களா என்பதில் மன்றங்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. 2015இல் விசாரணை நீதிமன்றம் கையெழுத்திட்ட இரு தணிக்கையாளர்களையும் குற்றவாளிகள் என்றது. 2018 ஜனவரியில் செபி அந்தத் தணிக்கைக் குழுமத்துக்கு, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களைத் தணிக்கை செய்ய இரண்டு ஆண்டுத் தடை விதித்தது. 2019இல் பங்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அத்தடையை நீக்கியது. என் பார்வையில், அசட்டை என்ற விளக்கமே சமூகத்துக்கு அதிகக் கவலை தர வேண்டும். சதிகாரர்கள் எண்ணிக்கையில் எப்போதும் குறைவு. பெரிய வாடிக்கையாளரை இழக்க விரும்பாத, சென்ற ஆண்டின் கோப்பைப் பார்த்து இந்த ஆண்டின் கோப்பை முடித்துவிடும், கேள்வி கேட்டால் உறவு கெடுமே என்று தயங்கும் படித்த மனிதர்கள் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் எவரும் தம்மைப் பேராசைக்காரர் என்றோ பொய்யர் என்றோ எண்ணுவதில்லை.

இயக்குநர் குழுவோ புகழ்பெற்றவர்களால் நிறைந்திருந்தது. ஹார்வர்டு பேராசிரியர் கிருஷ்ண பாலேபு, பென்டியம் சில்லு உருவாக்கத்தோடு பெயர் இணைத்துப் பேசப்படும் வினோத் தாம், ஹைதராபாதின் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸின் முதல்வராக இருந்த ராம்மோகன் ராவ் போன்றோர் அன்றாட நிர்வாகத்தில் பங்குகொள்ளாத வெளி இயக்குநர்கள். மேட்டாஸ் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்த கூட்டத்தில் சில கேள்விகள் எழுந்தன. ஆயினும் முடிவு ஒருமனதாகவே வந்தது. இரண்டு நாள் கழித்து, நிறுவனத்தில் சொல்லப்படும் அளவுக்குப் பணம் இல்லை என்றும் வங்கிக் கணக்குகளைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றும் புனைபெயரில் ஒருவர் பாலேபுவுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பெயரைச் சொல்ல அஞ்சிய அந்த ஒருவருக்குத் தெரிந்தது, பெயருக்காகவே குழுவில் அமர்த்தப்பட்டிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. டிசம்பர் இறுதிக்குள் நான்கு வெளி இயக்குநர்கள் விலகினார்கள்.

இடையில் விருதுகளும் வந்துகொண்டிருந்தன. நிறுவன நிர்வாக நேர்மைக்கான கோல்டன் பீகாக் உலக விருது 2008 செப்டம்பரில் சத்யத்துக்கு வழங்கப்பட்டது. பின்னர் திரும்பப் பெறப்பட்டது. விருதுக்குழுவைச் சிரித்துத் தள்ளிவிடலாம். ஆனால் ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும்: விருது கொடுத்தவர் தணிக்கை அறிக்கையை நம்பினார், தணிக்கையாளர் வங்கித் தாளை நம்பினார், இயக்குநர் தணிக்கையாளரை நம்பினார், முதலீட்டாளர் இவர்கள் அனைவரையும் நம்பினார். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியை, அந்த வங்கித் தாளை, ஒருவரும் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்க்கவில்லை.

பின்விளைவு

ஜனவரி 9ஆம் தேதி ராஜு சகோதரர்கள் கைதாயினர். மத்திய அரசு பழைய இயக்குநர் குழுவைக் கலைத்து, தீபக் பரேக், கிரண் கார்னிக், சி. அச்சுதன் ஆகியோரைக் கொண்ட புதிய குழுவை அமைத்தது; சில நாளில் தருண் தாஸ், எஸ். பி. மைனாக், சென்னையைச் சேர்ந்த பட்டயக் கணக்காளர் டி. என். மனோகரன் ஆகியோரும் சேர்க்கப்பட்டனர். அவர்கள் முன் நின்ற முதல் சிக்கல் சட்டப் பிரச்சினையன்று, மாதச் சம்பளம். 53,000 பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், கணக்கில் உள்ள பணம் பொய், எந்தத் தாளையும் நம்பி எவரும் கடன் தர முன்வரமாட்டார்கள். ஐடிபிஐ, பாங்க் ஆஃப் பரோடா ஆகிய வங்கிகளிடமிருந்து 600 கோடி ரூபாய்க் கடன் பெற்று அந்த மாதங்களைக் கடத்தினார்கள். ஏப்ரல் நடுவில் நடந்த ஏலத்தில் பங்கு ஒன்றுக்கு 58 ரூபாய் கொடுத்து டெக் மஹிந்திரா சத்யத்தை எடுத்துக்கொண்டது; 2013இல் சத்யம் அதோடு இணைந்து மறைந்தது. திருத்திய கணக்குகளை வெளியிட 2010 செப்டம்பர் இறுதிவரை ஆயிற்று. பொய்யை எழுதிச் சேர்ப்பதைவிட அதைப் பிரித்தெடுப்பது கடினமான வேலை.

இந்த மீட்பு பரவலாகப் பாராட்டப்படுகிறது, நியாயமாகவே. எஞ்சிய ஊழியர்கள் தம் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகச் சந்தித்து, எங்கள் வேலை பொய்யில்லை என்று சொல்லித் தக்கவைத்தார்கள். தாம் செய்யாத குற்றத்துக்காக வேறு நிறுவனங்களின் நேர்காணலில் தலைகுனிய வேண்டியிருந்தவர்களும் இருந்தார்கள். அந்த வருத்தம் எந்த ஐந்தொகையிலும் ஏறவில்லை.

2015 ஏப்ரல் 9 அன்று ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜு சகோதரர்கள், நிதித்துறைத் தலைவராக இருந்த வத்லமணி ஸ்ரீனிவாஸ், உள்தணிக்கைத் தலைவர், தணிக்கையாளர்கள் உட்படப் பத்துப் பேருக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஒரு மாதத்தில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு அவர்கள் பிணையில் வெளிவந்தனர். விசாரணைக் காலத்தில் ராஜு ஏற்கெனவே இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்திருந்தார்.

சட்டம் மாறியது. 2013இன் நிறுவனங்கள் சட்டம், தணிக்கைக் குழுமங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கொருமுறை மாற்றியாக வேண்டும் என்றது. நிறுவனத்தோடு வேறு தொடர்பில்லாத சுயேச்சை இயக்குநர்களின் கடமைகளை விரித்து எழுதியது. தணிக்கையாளர்களைக் கண்காணிக்கும் தேசிய ஆணையம் 2018இல் அமைந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை குழுமம் மாறினால் புதியவர் பழைய கோப்பைப் பிரித்துப் பார்ப்பார் என்பது நம்பிக்கை. அவர் வங்கிக்குத் தாமே கடிதம் எழுதுவாரா என்பதை எந்தச் சட்டப்பிரிவாலும் உறுதி செய்ய முடியாது. அந்த விதி 2009க்கு முன்பும் தணிக்கைத் தரநிலைகளில் இருந்ததுதான்.

இழந்தவர்களுக்குக் கிடைத்தது என்ன என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. நியூயார்க்கில் பங்கு வாங்கியவர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்து, சத்யத்திடமிருந்து 12.5 கோடி டாலரும் தணிக்கைக் குழுமத்திடமிருந்து 2.55 கோடி டாலரும் சமரசமாகப் பெற்றார்கள். மும்பையிலும் சென்னையிலும் ஹைதராபாதிலும் அதே நிறுவனத்தின் பங்கை அதே பொய்யை நம்பி வாங்கியவர்களுக்கு, கூட்டாக வழக்குத் தொடுக்க அன்றைய இந்திய நிறுவனச் சட்டத்தில் வழி இல்லை. சிறு முதலீட்டாளர்களின் சங்கம் ஒன்று நுகர்வோர் ஆணையத்தையும் பின்னர் உச்ச நீதிமன்றத்தையும் நாடியது; கோரிக்கை ஏற்கப்படவில்லை. கூட்டு வழக்குக்கான பிரிவு 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது. இல்லாத வட்டிக்கும் இல்லாத வருவாய்க்கும் கட்டிய வரியைத் திரும்பக் கேட்டு, நிறுவனத்தை ஏற்றவர்கள் வருமான வரித்துறையோடு நடத்திய வழக்கு அதன்பிறகும் பல ஆண்டுகள் நீண்டது.